காலணாவுக்குக் கார்டு, காலணாவுக்குக் கொயினா

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயர் இருக்கிறது. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நின்று பார்த்தால் அந்த நன்றி எவ்வளவு நியாயம் என்று புரியும். ஆனால் அவர் அணை கட்டிய அதே காலத்தில் நாட்டின் சிற்றூர்களில் காய்ச்சலோடு மல்லுக்கட்டிய இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் டாக்டர்கள் இல்லை, போஸ்ட் மாஸ்டர்கள்.

1887 முதல் 1895 வரை நடந்த பெரியாறு அணை வேலையை வெள்ளத்தோடு மலைக்காய்ச்சலும் பயமுறுத்தியது. கோடையில் காய்ச்சல் காலம் வந்தால் வேலையே நின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக்கும் நடுக்கம், பிறகு அனல், பிறகு வேர்வை. முறைக்காய்ச்சல் என்று இதைச் சொல்வார்கள். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. டாக்டர் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் அதைக் கண்டுபிடிக்க 1897 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணம் தெரியாவிட்டாலும் மருந்து கையில் இருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரம் 1860களிலேயே நீலகிரியில் வேர் பிடித்துவிட்டது. நடுவட்டத்தில் அரசுத் தோட்டமே இருந்தது. அதன் பட்டையிலிருந்து எடுத்த கொயினாவை, அதாவது குயினைனை, காய்ச்சலில் கிடக்கும் ஏழைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆஸ்பத்திரி தாலுகா ஊரில். கடையில் வாங்கினால் கலப்படம்.

இதற்கு வழி சொன்னவர் ஜார்ஜ் கிங். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவர், மருத்துவம் படித்தவர். ஊருக்கு ஊர் அரசாங்கத்தின் கை நீளும் இடம் தபாலாபீஸ்தானே, அங்கேயே விற்கலாம் என்றார். 1892இல் வங்காளத்தில் முத்திரையிட்ட சின்னப் பொட்டலங்கள் தபாலாபீசுக்கு வந்தன. பிறகு மற்ற மாகாணங்களும் அதையே பின்பற்றின. பொட்டலம் ஒரு பைசா, அதாவது காலணா. அன்று தபால் கார்டின் விலையும் அதே காலணா! மகனுக்குச் சேதி எழுதவும் மகளின் காய்ச்சலைத் தணிக்கவும் ஒரே காசு, ஒரே ஜன்னல், ஒரே ஆள்.

அந்த ஆள் யார் என்பதில்தான் என் மனம் நிற்கிறது. சிற்றூர்த் தபாலாபீசுக்குத் தனி அதிகாரியை வைக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பள்ளிக்கூட வாத்தியாரையோ கடைக்காரரையோ பிடித்துப் பெட்டியையும் முத்திரையையும் கொடுத்தார்கள். பல ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். ராத்திரி நடுக்கம் கண்டவனுக்கு ஆபீஸ் நேரம் ஏது? கதவைத் தட்டினால் எழுந்துவந்து திறந்தது அவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். சுடுதண்ணீர் வைத்துத் தந்ததும் அவளாகத்தான் இருக்கும். சம்பளப் பட்டியலில் இல்லாத அந்தக் குடும்பமும் சேர்ந்துதான் தபாலாபீஸ் நடத்தியது.

அதே நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்றூர்களில் ஊர் டாக்டரே போஸ்ட் மாஸ்டராகவும் இருந்ததுண்டு. ஊரார் எப்படியும் அவரிடம் வருவார்கள், தபாலையும் வாங்கிப் போகட்டும் என்ற கணக்கு. இங்கே தபாலுக்கு வந்தவர்கள் மருந்தும் வாங்கிப் போனார்கள்.

தாகூர் தன் புகழ்பெற்ற ‘போஸ்ட் மாஸ்டர்’ கதையை எழுதியது 1891இல், பொட்டலம் வருவதற்கு ஒரு வருடம் முன்னால். கிராமத்துக்கு வந்த நகரத்து இளைஞன் காய்ச்சலில் விழுகிறான். வைத்தியரை அழைத்து, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துக் காப்பாற்றுகிறாள் அவனிடம் வேலை செய்யும் அநாதைச் சிறுமி. உடம்பு தேறியதும் அவன் வேலையை விட்டுப் போய்விடுகிறான். ஊரோடு பிறந்த வாத்தியார் போஸ்ட் மாஸ்டருக்கு அப்படிப் போக இடமில்லை. மருந்து கேட்டு வருபவன் அவருக்கு மாமனோ மச்சானோ, பக்கத்துத் தெருக்காரனோதான்.

இதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஒரு பொட்டலத்தால் மலேரியா முழுசாகக் குணமாகாது. நாலு நாள் அடங்கித் திரும்பவும் வரும். நாடி பார்க்கவோ, கர்ப்பிணியா குழந்தையா என்று அளவு மாற்றவோ போஸ்ட் மாஸ்டருக்குப் பயிற்சி கிடையாது. ஆனாலும் கலப்படமில்லாத மருந்து எட்டுகிற தூரத்தில், எட்டுகிற விலையில் இருந்தது.

2021இல் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்புகிறது. அந்த யோசனையின் வேர்களில் ஒன்று போஸ்ட் மாஸ்டரின் அந்தத் திண்ணையில்தான் ஊன்றியது என்பேன். கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் இன்றும் உள்ளூர்க்காரரை வைத்து நடத்தும் அந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை. முதியோர் உதவித்தொகையை மணியார்டராக வீடு தேடிக் கொடுத்ததும் அங்கே வேலை செய்பவர்கள்தான். வழக்கமான அரசு ஊழியருக்கு உள்ள ஓய்வூதியம் மட்டும் இந்தக் கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு இல்லை. பல வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொடுக்க வேண்டும்.