சிங்கப்பூரில் வீடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் அங்கே அடுக்கு மாடி வீடு ஒன்று வாங்க நினைக்கிறார். குடியுரிமை இல்லை. விலை 10 லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 6 லட்சம் வெள்ளி வரி கட்ட வேண்டும்! ஆம், நூற்றுக்கு 60. வழக்கமான முத்திரைத் தீர்வை தனி. கையெழுத்துப் போட்ட 14 நாளில் பணம் கட்டியாக வேண்டும்.

2011-ல் இந்த வரி வந்தபோது நூற்றுக்கு 10-தான். படிப்படியாக ஏறியது. 2023 ஏப்ரலில் 30-லிருந்து ஒரே தாவலாக 60 ஆயிற்று.

சிங்கப்பூர் சின்னஞ்சிறு தீவு. வெளிநாட்டுப் பணம் வந்து குவிந்தால் வீட்டு விலை ஏறும். உள்ளூர் மக்கள் எங்கே போவார்கள்? வரி போட்டதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், அமெரிக்கருக்கு இந்தச் சுமை இல்லை. சுவிட்சர்லாந்துக்காரருக்கும் இல்லை. அவர்கள் குடிமக்களைப் போலவே முதல் வீட்டை வாங்கலாம். காரணம், அந்த நாடுகள் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம்.

இந்தியாவும் 2005-ல் சிங்கப்பூருடன் ஒப்பந்தம் செய்தது. அதில் இந்தச் சலுகை இல்லை. டில்லி இதைக் கேட்டுப் பெற வேண்டும். கோடீசுவரர்களுக்காக அல்ல. பல ஆண்டு அங்கே உழைத்தும், சம்பளத்தில் பெரும் பகுதியை வாடகைக்கே கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களுக்காக.