புழுவைக் காட்டி மனிதனைத் தள்ளாதீர்கள்



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வயது வரம்பு போடுகிறார்கள். கேட்டால், வயதானவர்களுக்குப் புதிதாக எதுவும் மண்டையில் ஏறாதாம், அறிவியலே சொல்கிறதாம்!

அறிவியலை முழுதாகப் படியுங்கள். சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். நரம்பணுக்கள் வெறும் 302. ஆயுள் இரண்டு மூன்று வாரம். ஒரு வாசனையோடு சேர்த்து உணவு கொடுத்தால், பிறகு அந்த வாசனையைத் தேடிப் போகக் கற்றுக்கொள்கிறது. வயதானால் அந்தத் திறன் மங்குவது உண்மைதான். ஆனால் இன்சுலின் சமிக்ஞை குறைந்த புழுக்களிடம் கற்கும் திறன் கூடுதல் நாள் நீடித்ததை 2010இல் கோலீன் மர்ஃபி குழு காட்டியது. புழுவிலேயே முதுமை மாற்ற முடியாத தலையெழுத்து அல்ல!

சொல்லிக்கொடுக்காமலே 'ஏறாது' என்பது அறிவியல் அல்ல, சாக்கு. எச்.ஆர். நாற்காலியில் இருக்கும் என் பிள்ளைகளே, நாற்பது வயதுக்காரருக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுங்கள். பிறகு மார்க் போடுங்கள்.