லீக் எங்கே என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள்

பல வருடங்களுக்கு முன்பு ஒரு இரவு, கேஷுவாலிட்டி டியூட்டியில் இருந்தேன். பழைய பேப்பர் குடோனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தார். இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"பேலிங் மெஷின்ல ஆயில் லீக் சார். எங்கேன்னு தடவிப் பார்த்தேன், சுருக்குன்னுச்சு."

வலி பெரிதாக இல்லை என்றார். நான் டிடி ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை வந்தபோது விரல் வீங்கி, வெளிறி, மரத்துப்போயிருந்தது. ஆபரேஷனில் திறந்து பார்த்தால் உள்ளங்கை வரை ஆயில். விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதில் என் தவறும் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அட்டை, பேப்பர், பஞ்சுக் கழிவு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அமுக்கி பேல் கட்டும் ஹைட்ராலிக் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35 பிஎஸ்ஐ. இந்த மெஷினின் ஹோஸுக்குள் ஓடும் ஆயில் பல நேரம் 2,000 பிஎஸ்ஐயைத் தாண்டும். தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐயே போதும்! ஹோஸில் மயிரிழை விரிசல் விழுந்தால் ஆயில் ஊசி மாதிரி பாயும். சாதாரணக் கையுறை அதைத் தடுக்காது.

வெளியே தெரிவது ஒரு புள்ளி. உள்ளே தசைநாண் உறை வழியாக ஆயில் பரவி, வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரித்து, திசுவைச் சாகடிக்கிறது. முதல் சில மணி நேரம் வலி குறைவாக இருப்பதால் ஆளும் ஏமாறுவார், டாக்டரும் ஏமாறுவார்.

ஏன் பெரும்பாலும் இடது ஆள்காட்டி விரல்? வலது கையில் ஸ்பானர் இருக்கும் இல்லையா.

டீசல் எஞ்சினில் நடந்த இதே மாதிரிக் காயம் 1937லேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. 2006ல் 435 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 30 சதவீதம் பேருக்கு உறுப்பை அகற்ற வேண்டியிருந்தது. (உள்ளே போனது தின்னர் என்றால் இன்னும் மோசம்.)

"பார்த்து வேலை செய்யணும்ப்பா" என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. லாரி காத்திருக்கிறது, "ஆஃப் பண்ணாமலே பாரு" என்று சொல்வது யார்? கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டிய சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வைப்பது யாருடைய அவசரத்துக்கு? குடோன் வைத்திருப்பவர்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன்.

லீக் தேட நீளக் குச்சியில் கட்டிய ஒரு அட்டை போதும். தள்ளி நின்று நீட்டினால் அட்டை நனையும் இடம்தான் லீக். அட்டைக்கா உங்கள் குடோனில் பஞ்சம்? பிறகு மெயினை அணைத்துப் பூட்டுங்கள். ரிப்பேர் பார்ப்பவர் சட்டைப் பையில்தான் சாவி இருக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் அமுக்குத் தட்டை முழுவதும் இறக்குங்கள், முடியாவிட்டால் முட்டுக் கொடுங்கள். பிரஷரை வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டினாலும், சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவே பிரஷர் தேங்கி நிற்கலாம் என்ற சந்தேகத்தோடே நட்டைத் தொடுங்கள். பிரஷரில் இருக்கும்போது ஜாயின்டை முறுக்கவே கூடாது. புது ஹோஸ் மாட்டியபின் எல்லோரையும் விலக்கி, முதலில் காலியாக ஓட்டிப் பாருங்கள். கதவு சுவிட்ச் மெஷினை நிறுத்துகிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள். நிறுத்தாவிட்டால் அன்று பேல் கட்ட வேண்டாம்.

அப்படியும் குத்திவிட்டதா? பிதுக்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், எதுவும் சாப்பிடாதீர்கள். அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஆயில் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது என்னைப் போல "சின்னப் புள்ளிதானே" என்றால், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோட உள்ள போயிருக்கு, கை சர்ஜனைக் கூப்பிடுங்க" என்று கேளுங்கள். கூப்பிடும் வரை வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.