பழைய வேன்ல ஒரு வீடு

அக்கா மகன், கோயமுத்தூர்ல ஓடி ஓஞ்ச டிராவலர் வேன் ஒண்ணை வாங்கி எங்க களத்துல கொண்டுவந்து நிறுத்தியிருக்கான். சீட்டைக் கழட்டிட்டு உள்ள வீடு மாதிரி பண்ணப் போறானாம். ராமேஸ்வரம் பாக்கணும்னு அக்காவுக்கு ரொம்ப நாள் ஆசை. முட்டி வலியில பஸ் ஏற முடியாது. வேன்னா அங்கங்க நிறுத்திப் படுத்து எந்திரிச்சுப் போலாம். நல்ல யோசனைதான்.

ஆனா அவன் போனுல காட்டுன படத்துல சிங்க், ஃபிரிட்ஜ், 200 லிட்டர் தண்ணி டேங்க் எல்லாம் இருக்கு. மாப்ள, 200 லிட்டர்னா 200 கிலோ. மூணு மூட்டை நெல்லை ஊரூராச் சுமந்துட்டுத் திரியறாப்புல.

வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். ஸ்க்ரூடிரைவரால குத்துனா துரு பொலபொலன்னு கொட்டுது. காசு முதல்ல அங்கதான் போகணும். மேல பலகை அடிச்சுட்டா துரு போயிடுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இஷ்டத்துக்கு வண்டியை மாத்த முடியாது, ஆர்டிஓகிட்ட கேட்டு ஆர்சியில ஏத்தணும். "பண்ணிட்டுப் பாத்துக்கலாம் மாமா"ங்கறான். வழியில பிடிச்சு ஓரங்கட்டுனா வெயில்ல உக்காந்திருக்கப் போறது அக்காதானே.

காஸ் சிலிண்டருக்கு மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். 2023 ஆகஸ்ட்ல மதுரையில நின்ன சுற்றுலா ரயில் பெட்டி சிலிண்டராலதான் எரிஞ்சுது, 9 பேர் செத்தாங்க. சோத்தைக் கட்டிட்டுப் போங்க, டீ கடையில குடிங்க.

நேத்து வாசப்படிகிட்ட ரெண்டு செங்கல் அடுக்கி அக்காவை ஏறச் சொன்னோம். மூணாவது தடவைதான் ஏறுச்சு. "இன்னொரு கல்லு வைடா"ன்னுது.