தலைக்காயத்துக்கு விதி எழுதுவது யார்?

சாரத்திலிருந்து ஒரு செங்கல் விழுகிறது. கீழே நின்ற தொழிலாளியின் தலையில் படுகிறது. ஒரு நிமிடம் மயக்கம். பிறகு எழுந்து உட்காருகிறார். பெயர் கேட்டால் பெயர் சொல்கிறார். ஊர் கேட்டால் ஊர் சொல்கிறார். "லேசான அடிதான், போய் வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் தலை வலிக்கிறது. வெளிச்சம் கண்டால் கண் கூசுகிறது. சொன்ன வேலை மறந்து போகிறது. "நடிக்கிறான்" என்கிறார் மேஸ்திரி!

இந்தத் தோழருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எத்தனை நாள் ஓய்வு? எப்போது மறுபடி சாரம் ஏறலாம்? இதற்கெல்லாம் டாக்டர்களுக்கு வழிகாட்டும் விதிகள் உண்டு. அந்த விதிகளை எழுதியது யார், எப்படி எழுதினார்கள் என்பதே நமது கேள்வி.

முதலில் 'லேசான' என்ற சொல்லைப் பார்ப்போம். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஓர் அளவை வகுத்தார்கள். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண், மொத்தம் 15. பதின்மூன்றோ அதற்கு மேலோ பெற்றால் 'லேசான' காயம். அது அடிபட்டவரின் அப்போதைய நினைவை அளக்கிறது. பின்னால் அவர் படப்போகும் அவதியை அல்ல. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலரோ மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். அவர்களை நடிகர்கள் என்பது அறிவீனம்.

விதிகளும் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. அறிகுறிகள் அடங்கும்வரை அசையாமல் கிடக்க வேண்டும் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். 2015-ல் அமெரிக்காவில் இளவயதினரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்டவர்களே அதிக உபாதை சொன்னார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்கள், ஓரிரு நாள் அளவான ஓய்வு, பிறகு படிப்படியாக நடமாட்டம் என்றார்கள். இங்கிலாந்தின் தலைக்காய விதிகள் 2003-ல் வந்து, 2007, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டன. பழைய ஏட்டை வைத்துக்கொண்டு புதிய காயத்துக்கு வைத்தியம் பார்க்கலாமா?

ஆகவே, விதிகளையே சோதிக்க ஒரு தராசு தேவைப்பட்டது. 'அக்ரீ' என்ற பெயரில் 2003-ல் வெளியாகி, 2010-ல் திருத்தப்பட்ட அளவுகோல் அது. ஆறு பிரிவுகள், 23 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். விதியின் நோக்கம் தெளிவா? நோயாளிகளின் கருத்தைக் கேட்டார்களா? சான்றுகளை முறைப்படி தேடினார்களா? சொன்னது புரிகிறதா? நடைமுறைக்கு ஆகுமா? பணம் கொடுத்தவரின் கை உள்ளே புகுந்ததா?

கடைசிக் கேள்வி ஏன் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அந்நாட்டுக் கால்பந்து முதலாளிகளின் சங்கமான என்.எஃப்.எல்., ஆட்டக்காரர்களின் மூளைக் காயத்தை ஆராய 1994-ல் ஒரு குழு அமைத்தது. தலைவராக அமர்ந்தவர் மூளை வைத்தியர் அல்ல. மூட்டு நோய் வைத்தியர்! அடிபட்டவர் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்குவதால் பெரிய ஆபத்தில்லை என்று அந்தக் குழு எழுதியது. மைக் வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் 2002-ல் இறந்தபின் அவரது மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் கண்ட சிதைவை 2005-ல் வெளியிட்டார். அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் குழுவினர் கடிதம் எழுதினார்கள். முடிவு? 2013-ல் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர் தர முதலாளிகள் சம்மதித்தார்கள், குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாமல்! ஆட்டக்காரனும் தொழிலாளிதான். அவன் தலைக்கு முதலாளியின் குழு விதி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"வைத்தியம் டாக்டருக்குத் தெரியும், சங்கத்துக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பார்கள். டாக்டரின் கத்தியை நாம் கேட்கவில்லை. விதி எழுதும் மேசையில் காயம்பட்டவனுக்கும் ஓர் இடம் கேட்கிறோம். அந்தத் தராசே அதைத்தான் கேட்கிறது!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த மதிப்பெண், விதி தயாரான முறையை அளக்கிறது. விதியில் உள்ளது அத்தனையும் சரி என்று முத்திரை குத்துவதில்லை. முறையாக எழுதிய விதியும் வீணாகலாம். "ஓய்வெடு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதுமா? நாட்கூலிக்காரனுக்கு ஓய்வு என்றால் பட்டினி. ஸ்கேன் இயந்திரம் இல்லாத ஊரில் "ஸ்கேன் எடு" என்றால் அது ஏட்டுச் சுரைக்காய்.

எனவே நாம் கேட்பது மூன்று. விதி எழுதியவர் யார், பணம் தந்தவர் யார் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஓய்வு என்று எழுதும் இடத்தில் சம்பளத்தோடு ஓய்வு என்பதும் பேசப்படட்டும். தொழிலாளி படிக்கும் மொழியில் ஒரு தாள் அவன் கையில் தரப்படட்டும். அதில் இது இருக்கட்டும்: தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாத தூக்கம் வந்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ!

தோழர்களே, அடுத்த முறை "லேசான அடி" என்று யாராவது சொன்னால், "எந்த விதிப்படி?" என்று கேளுங்கள்.