எலிகளின் மூளையும் பன்னிரண்டு மணி நேர வேலையும்

போதைக்கு அடிமையாவது ஒழுக்கக்கேடு என்கிறார்கள் சமய போதகர்கள். அது மூளையில் ஏற்படும் வேதியியல் கோளாறு மட்டுமே என்பது மருந்துக் கம்பெனிகளின் வாதம். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஓரிடத்தில் கைகோத்துக் கொள்கின்றன: இரண்டும் தனிமனிதனோடு நின்றுவிடுகின்றன. அவன் எத்தனை மணி நேரம் உழைத்தான், எந்த அறையில் உறங்கினான், பேசுவதற்கு யார் இருந்தார்கள் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. அந்த வினாக்களை எழுப்பும் சான்றுகள் பெங்களூருவின் பொதுத்துறை ஆய்வுக்கூடங்களிலேயே கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தந்தவை எலிகள்.

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவரது சகாக்களும் எலிகளை நாள்தோறும் சிறிது நேரம் அசைய முடியாதபடி அடைத்து வைத்து ஆராய்ந்தனர். 2002இல் வெளியான அவர்களது முடிவு வியப்புக்குரியது. நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ அதே கிளைகள் வளர்ந்து பெருகின. 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவு நமக்கு இன்னும் முக்கியமானது. 21 நாட்கள் எந்தத் துன்பமும் இன்றி ஓய்வளித்த பிறகும் அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எலிகளின் பதற்றமும் தணியவில்லை. சில வடுக்கள் ஓய்வினால் மட்டும் ஆறுவதில்லை.

அதே நகரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் டி.ஆர்.ராஜு, பி.எஸ்.சங்கரநாராயண ராவ் ஆகியோரின் குழு மீட்சியின் பக்கத்தை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் எலிகளை அடைத்து வைத்தபோது அவற்றின் நினைவாற்றல் குன்றியது. பின்னர், மூளையின் இன்ப உணர்வுப் பாதையை எலிகள் தாமே தூண்டிக்கொள்ள வாய்ப்பளித்தபோது சுருங்கிய நரம்புக் கிளைகள் மீண்டும் தழைத்தன. மின்முனை எதுவுமின்றி, விசாலமான கூடும் விளையாட்டுப் பொருட்களும் தோழமையும் கொடுத்துப் பார்த்தபோதும் பலன் கிடைத்தது. ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் பெருகுவது மீண்டும் சீரடைந்ததை 2009இல் அவர்கள் காட்டினார்கள்.

போதையும் மனச்சோர்வும் சந்திக்கும் இடம் இந்த இன்பப் பாதையே. எலிகள் உணவையும் மறந்து நெம்புகோலை அழுத்தி அதைத் தூண்டிக்கொள்ளும் என்பது 1954இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் தொடங்கிவைத்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. (நிம்ஹான்ஸின் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனம் பெங்களூருவில் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.) மது, ஹெராயின், கொக்கெய்ன் ஆகியவை டோபமைன் சுரக்கும் இந்தப் பாதையைக் கைப்பற்றுகின்றன. நீண்டகாலத் துன்பம் அதை மங்கச் செய்கிறது. சர்க்கரை நீரில்கூட எலி நாட்டம் இழக்கிறது. இயல்பான மகிழ்ச்சிகள் வறண்டுபோன மூளைக்குப் போதை எளிதில் வழிகாட்டியாகிவிடுகிறது.

1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர், தனிக்கூண்டு எலிகளைவிடக் கூட்டமாக வாழ்ந்த எலிகள் மார்பின் கலந்த நீரை மிகக் குறைவாகவே அருந்தின என்று காட்டினார். அதே சோதனையை மீண்டும் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2018இல் அமெரிக்காவில் வெனிரோ குழுவினர் நடத்திய சோதனையில், மெத்தாம்பெட்டமைனா இன்னொரு எலியின் துணையா என்ற தெரிவு கொடுக்கப்பட்டபோது எலிகள் துணையையே நாடின.

எலி தொழிலாளி அல்ல. அதற்குக் கந்துவட்டிக் கடன் இல்லை, சாதி இல்லை, மேற்பார்வையாளரின் வசவு இல்லை. கூண்டிலிருந்து நேரே சமுதாயத்துக்குத் தாவுவது அறிவியல் ஆகாது. உயிர்களை வதைத்துப் பெறும் அறிவு வேண்டுமா என்று கேட்போரையும் எள்ளி நகையாடக் கூடாது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் கண்காணிப்பு கண்டிப்பானதாக இருக்க வேண்டும். என் கருத்தில், அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற முடிவுகளை ஆய்விதழ்களுக்குள் உறங்கவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஏனெனில் இதே பெங்களூருவின் சட்டமன்றத்தில்தான் 2023 பிப்ரவரியில் பாஜக அரசு தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைக்குக் கதவு திறந்தது. ஆட்சி மாறியும் திசை மாறவில்லை. 2024 ஜூலையில், காங்கிரஸ் ஆட்சியில், ஐ.டி. ஊழியர்களின் வேலைநாளை 14 மணி வரை நீட்டிக்கும் யோசனை முன்வந்தது. அத்துறையின் ஊழியர் சங்கம் அதை எதிர்த்து நின்றது. தமிழகத்திலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வேலை நேரப் போராட்டத்தைக் கூலிப் போராட்டத்தின் ஒரு கிளையாக மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறோம். அது மூளையின் நலனுக்கான போராட்டமும் ஆகும்.

சிகிச்சையின் நிலை என்ன? ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவே மனநல மருத்துவம் அளிக்க முடியும் என்று நிம்ஹான்ஸ் செய்து காட்டியது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் அதன் அடிப்படையில் உருவானதுதான். ஒருபுறம் டாஸ்மாக் மூலம் தானே சாராயம் விற்கும் அரசு, மறுபுறம் தாலுகா மருத்துவமனையில் குடிநோய்க்குப் படுக்கை இல்லை என்று கைவிரிப்பதை எப்படி ஏற்பது? சாராய வருவாயில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கென்று சட்டப்படி ஒதுக்கக் கோரலாம்.

நம் கிளைகளிலும் பேச வேண்டிய ஒன்று உண்டு. குடிக்கும் தோழர் மீது முதலில் பாய்வது ஒழுங்கு நடவடிக்கை. அதன் பிறகு அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை, வீட்டில் தனித்துக் கிடக்கிறார். கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த எலிக்கு என்ன ஆகிறது என்பதை மேலே பார்த்தோம். கட்சிக்கு ஒழுங்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அவரை மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல ஒரு தோழரைக் கிளை பொறுப்பாக்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சிறிய வேலையாயினும் ஒன்றை அவர் கையில் கொடுத்து வைக்க வேண்டும். அரசின் டெலி-மானஸ் தொலைபேசி உதவி எண் 14416 இலவசமானது. அதைக் கட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும் சங்கக் கொட்டகையிலும் எழுதிவைக்க ஒரு சாக்பீஸ் போதும்.