எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள்

2021 மே 4 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் தேவாலயங்களில் மணமக்கள் கையொப்பமிடுவது ஏட்டில் அல்ல, ஒரு தாளில். அந்தத் தாள் பதிவு அலுவலகம் போகிறது; அங்கே கணினியில் ஏறுகிறது. நம் இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். 1837 முதல் தந்தை பெயரை மட்டும் கேட்டுவந்த பதிவில் இப்போது தாயின் பெயரும் இடம்பெறுகிறது. எப்போதோ வந்திருக்க வேண்டிய மாற்றம், மனமார வரவேற்கிறோம். தேவாலயத்து ஏட்டை மூடியதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. சபை தனக்கென ஓர் ஏடு வைத்துக்கொள்ளலாம்தான். சட்டப் பதிவு அதுவல்ல.

எங்கள் கவலை ஊர்ப்பெயரைப் பற்றியது. ஹாம்ப்ஷயரின் செல்போர்னை எடுத்துக்கொள்வோம். 903ஆம் ஆண்டுச் சாசனத்தில் அந்தப் பெயர் 'செலெ' என்று தொடங்குகிறது. 1086இல் டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கேட்டின் எழுத்தர் முதலிரு மெய்களையும் இடம் மாற்றி 'லெஸ்போர்ன்' என்று எழுதிவைத்தார். அவ்வூரிலேயே பிறந்து அங்கேயே உதவிக் குருவாக இருந்த கில்பர்ட் வைட், 1789இல் வெளியிட்ட நூலில் பழைய ஆவணங்களின் பாடபேதங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, 'செல்' என்றால் பெரிய, 'பர்ன்' என்றால் ஓடை என்று பொருள் சொன்னார். ஊரின் மேல்முனையில் வற்றாது பொங்கும் ஊற்று அவர் மனத்தில் இருந்தது. இன்றைய அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. வில்லோ இனச் செடிகள் அடர்ந்த ஓடை என்கிறார்கள். வைட் பொருளில் தவறியிருக்கலாம். பாடபேதங்களில் எதையும் மறைக்கவில்லை, ஒன்றையும் 'சரி'செய்யவில்லை. பின்வந்தவர்கள் அவரை மறுக்க முடிந்ததே அந்த நேர்மையால்தான். ஊர் நடுவே உள்ள ப்ளெஸ்டர் திடலும் அப்படித்தான். 1271ஆம் ஆண்டு ஆவணத்தில் 'லா ப்ளேஸ்டோ' என்றிருந்ததை அவர் அப்படியே தந்ததால்தான் அது விளையாட்டுத் திடல் என்பது நமக்குத் தெரிகிறது.

அதே வைட் 1783 அக்டோபர் 4 நிலவரப்படி தன் பாரிஷில் 136 குடும்பங்கள், 676 பேர் என்று எழுதுகிறார். தெருவில் இருந்தவர்கள் 313 பேர். மீதி 363 பேர் வெளியே. பாதிக்கு மேற்பட்டோர் ஓக்ஹாங்கர் போன்ற சிற்றூர்களிலும் தனிப் பண்ணைகளிலும் வாழ்ந்தவர்கள். இவர்களில் பலருடைய இடப்பெயர்களுக்கு எந்தச் சாசனம் இருக்கிறது? 1813இல் அச்சுப் படிவம் வந்தபின் ஞானஸ்நானப் பதிவில் 'வசிப்பிடம்' என்றொரு கட்டம். குழந்தையோடு வந்தவர் வாயால் சொன்னதைக் குருவானவர் காதால் கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதினார். அடுத்த குழந்தைக்கு அதே பண்ணையின் பெயரில் ஓர் எழுத்து மாறும். அந்த ஓர் எழுத்தில் அவ்வட்டார உச்சரிப்பு உட்கார்ந்திருக்கிறது. திருமண ஏட்டின் வசிப்பிடக் கட்டமும் அப்படித்தான் நிரம்பியது.

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பதிவேடு வைக்கச் சொன்ன நாளிலிருந்து எந்த உத்தரவும் ஊர்ப்பெயருக்காகப் பிறந்ததில்லை. 1754, 1813, 1837 என்று புதிய விதி வந்த ஒவ்வொரு முறையும் அரசுக்கு வேண்டியிருந்தது ஆள்தான். ஆனால் பேனா அந்தந்த ஊரிலேயே இருந்தது; இடப்பெயர் கூடவே வந்து சேர்ந்தது. திருமணத்தைப் பொறுத்தவரை அந்தப் பேனாவைப் பிடுங்கி மாவட்ட அலுவலகத்து விசைப்பலகையிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் எல்லோரும் அஞ்சல் முகவரிதானே தருகிறார்கள் என்று பதில் வரும். அப்படியானால் கேட்டெழுதும் கட்டம் இன்னும் அதிகமாகத் தேவை! வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் ஒரு வயலின் பெயரைச் சொல்லாது. முப்பது ஆண்டுகளாக இதைத்தான் எழுதிவருகிறோம். சட்டம் எழுதுபவர்கள் ஆவணத்தைத் தங்கள் சொந்தப் பொருளாகவே நினைக்கிறார்கள். அதைப் படிக்கப்போகிறவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

எங்கள் கையில் இருப்பதை நாங்கள் செய்கிறோம். அடுத்த இதழ் முதல், பெயர்த்தெழுதி அனுப்பப்படும் பதிவேட்டுப் பகுதிகளில் இடப்பெயரை இன்றைய வரைபடத்துக்கு ஏற்ப மாற்றியிருந்தால் கட்டுரை திருப்பி அனுப்பப்படும். 'லெஸ்போர்ன்' என்றிருந்தால் 'லெஸ்போர்ன்' என்றே அனுப்புங்கள். எழுத்து தெளிவில்லையென்றால் அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். உங்கள் ஊகம் அடிக்குறிப்பில் இருக்கட்டும்.